கொசுவின் மூன்று விண்ணப்பங்கள்

வியாழக்கிழமை, பிற்பகல்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. நலம் விசாரிப்பதற்கு முன் ஒரு கேள்வியை எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடிதம் முழுக்க அது தொண்டையில் மாட்டிக்கொண்டே வரும். நேற்று மாலை உன் தங்கை கொசு என்னிடம் கேட்டாள், "அந்த ஹாலுக்குள்ள திரும்பவும் போய் உக்காந்தா, இந்தத் தடவையாவது நான் எழுதுவேனாம்மா?" எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்றுதான் சொன்னேன். இருபத்து மூன்று வருடமாகத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன், பார்வைக்குத் தெளிவாக இருக்கிறது என்பதற்காக ஒரு தம்ளர் தண்ணீரைக்கூட நல்ல தண்ணீர் என்று கையெழுத்துப் போட்டதில்லை, சொந்தப் பெண் என்பதற்காக மட்டும் எப்படிப் போடுவேன். உனக்குப் பதில் தெரிந்தால் எழுது, தெரியாவிட்டால் தெரிந்த மாதிரி எழுதாதே. இனி முறைப்படி. இங்கே நாங்கள் மூவரும் சௌக்கியம், அப்பாவின் இடது முழங்கால் மட்டும் நாங்கள் சொல்வதைக் கேட்பதில்லை. சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது, யாரும் எதுவும் செய்யாமலே நின்றதால் எனக்கு அதன் மேல் சந்தேகமாக இருக்கிறது. நீ போன கடிதத்தில் நலமாக இருப்பதாக எழுதியிருந்தாய், அடுத்த வரியிலேயே இருமல் போகவில்லை என்றும் எழுதியிருந்தாய், இரண்டில் எதை நம்புவது என்று தெளிவாகச் சொல்.

எந்த ஹால் என்று நீ கேட்பாய். இதில் உனக்கு நான் ஒரு விளக்கம் தர வேண்டியிருக்கிறது. நீ ஊரை விட்டுப் போன ஆறாம் மாதம், கொசுவுக்குக் காய்ச்சல், பள்ளி இறுதித் தேர்வு எழுதவில்லை, இப்போதைக்குப் பள்ளிக்கூடம் வேண்டாம் என்கிறாள் என்று போனில் மூன்று துண்டாகச் சொல்லி முடித்துவிட்டேன். காய்ச்சல் இல்லை. முதல் பரீட்சைக்குப் போனாள், ஹாலில் உட்கார்ந்து தாளில் பெயரும் எண்ணும் எழுதினாள், அதற்கு மேல் பேனா நகரவில்லை, அரை மணி நேரம் கழித்து எழுந்து வெளியே வந்துவிட்டாள். வீட்டுக்குப் போகாமல் நேராக என் ஆய்வுக்கூடத்துக்கு வந்து, மாதிரி பாட்டில்களை இறக்கி வைக்கிற பெஞ்சில் பாட்டில்களோடு பாட்டிலாக உட்கார்ந்திருந்தாள். நான் வந்து விஷயத்தைக் கேட்டுவிட்டு, "மூணு மணி நேரம் சும்மா உக்காந்திருந்தாலே ஏதாவது எழுதியிருப்பியே" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். மீதிப் பரீட்சைகளுக்கு அவள் போகவில்லை. நான் அதிகம் பேசுகிறவள் இல்லை என்று உறவில் எல்லோரும் சொல்வார்கள், பேசுகிற ஒன்றிரண்டு வார்த்தை இப்படி விழும் என்றால் அதையும் குறைத்துக்கொள்ளலாம் என்று அன்றிலிருந்து நினைக்கிறேன். பல மாதம் கழித்து, துணி மடித்துக்கொண்டிருந்தபோது தானாகச் சொன்னாள், எழுத வராததுகூடப் பெரிதில்லையாம், "சுத்தி எல்லாரும் எந்திரிச்சு நின்னு இன்னொரு தாள் குடுங்க, இன்னொரு தாள் குடுங்கன்னு கேக்குறாங்கம்மா, நான் முதல் தாள்லயே என் பேரைப் பாத்துட்டு உக்காந்திருக்கேன்" என்றாள். நான் கையில் இருந்த சட்டையையே மூன்று முறை மடித்தேன்.

வருத்தப்படுவதற்காக இதை எழுதவில்லை, உண்மையில் இந்த வீட்டில் ஒரு வருடமாக நடப்பது எல்லாமே நல்ல விஷயம், அதையும் நான் உனக்கு முழுதாகச் சொல்லவில்லை. கண்ணாடிக் கடையில் வேலைக்குப் போகிறாள் என்றுதான் உனக்குத் தெரியும். அது நடந்த விதம் இது. தேர்வை விட்ட பிறகு மூன்று மாதம் படுக்கையும் போர்வையுமாகக் கிடந்தாள், ஒரு நாள் தன் கண்ணாடியின் மேலேயே புரண்டு படுத்து அதன் காலை உடைத்துவிட்டாள், தெருமுனைக் கடைக்கு அதைச் சரிசெய்யப் போனவள் நான்கு மணி நேரம் திரும்பி வரவில்லை. அடுத்த நாள் உடைக்க எதுவும் இல்லாமலே போனாள். ஒரு வாரம் வேடிக்கை பார்த்தபின் கடைக்கார அம்மாள், "வெறுமனே நின்னு என் வெளிச்சத்தை மறைக்காதே, ஒண்ணு உக்காரு, இல்ல வேலை செய்" என்றாராம், இவள் உட்கார்ந்து வேலை செய்தாள். அந்தக் கடைக்கு இரண்டு அறை. முன் அறையில் எழுத்துப் பலகையும் கண் பார்க்கும் கருவியும், அங்கே கடைக்கார அம்மாள். பின் அறையில் கண்ணாடி வில்லையைச் சட்டத்தின் அளவுக்கு அரைக்கும் சக்கரம், அதன் மேல் விடாமல் சொட்டும் தண்ணீர், அரைத்த மாவு வெள்ளைச் சேறாகத் தேங்கும் தொட்டி, அங்கே உன் தங்கை. வில்லையின் நடுவைக் கண்டுபிடித்து மூன்று புள்ளி வைத்து, நடுப்புள்ளி கண்ணின் பாவைக்கு நேராக வருகிற மாதிரி அரைக்க வேண்டும், அரை மில்லிமீட்டர் தப்பினால் போட்டுக்கொள்பவருக்குத் தலைவலி. பள்ளிக்கூடத்தில் கோடு போட்ட தாளிலேயே மேலும் கீழும் எழுதிய பெண் இது. மாலையில் புருவமெல்லாம் வெள்ளையாக வீட்டுக்கு வருகிறாள், வந்ததும் எங்கள் முகங்களை அளக்கிறாள். அப்பாவின் இடது காது வலது காதைவிட மூன்று மில்லிமீட்டர் தாழ்வு என்று கண்டுபிடித்து, "அதான்பா உலகமே உனக்குச் சாய்வா தெரியுது" என்றாள். அப்பா இரண்டு நாள் கண்ணாடி முன் நின்று காதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

போன மாதம் ஒரு தையற்கார அம்மாள் தன் முதல் கண்ணாடியை வாங்க வந்திருக்கிறார். போட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறது, இல்லை என்று ஒன்றும் சொல்லவில்லையாம், பையிலிருந்து ஊசியையும் நூலையும் எடுத்து, அங்கேயே நின்று கோத்தார், உருவினார், மறுபடி கோத்தார், இப்படி நான்கு தடவை, பிறகு ஊசியைப் பத்திரமாகக் குத்தி வைத்துவிட்டுப் போய்விட்டார். இதைச் சாப்பாட்டு மேசையில் சொல்லிக்கொண்டே வந்தவள் தட்டை நகர்த்தி வைத்து, "நான் அரைச்ச கண்ணாடிம்மா அது. ஆனா என்ன நம்பர்னு கண்டுபிடிச்சது நான் இல்ல. அது முன் ரூம்ல நடக்குது" என்றாள். எனக்கு அப்போது புரியவில்லை, புரிந்ததாகத் தலையாட்டினேன். அடுத்த வாரம் கடைக்கார அம்மாளே விளக்கினார். "கை வேலைல இந்தக் கழுதை என்னைத் தாண்டிட்டா. ஆனா முன் ரூமுக்கு நான் கூட்டிட்டுப் போக முடியாது, சட்டம் விடாது. கண் பரிசோதனைக்குன்னு ரெண்டு வருஷப் படிப்பு இருக்கு, அதுக்குப் பள்ளிக்கூடம் முடிச்ச சான்றிதழ் கேப்பான். இல்லைன்னா அதுக்குச் சமமான ஒண்ணு" என்றார். அந்தச் சமமான ஒன்றுதான் விஷயம். பள்ளிக்குத் திரும்பாமல் வெளியிலிருந்தே எழுதுகிற தேர்வு, ஐந்து தாள், வேண்டுமானால் இரண்டு தவணையாக எழுதலாம், வாரம் மூன்று மாலை வகுப்பு. எழுதி முடித்தால் பள்ளி இறுதிச் சான்றிதழுக்கு இணையானது என்று ஒரு காகிதம். எல்லாம் சரி, ஆனால் அதையும் ஒரு ஹாலில் உட்கார்ந்துதான் எழுத வேண்டும்.

உன் யோசனை வந்து சேர்ந்தது. ஒழுங்காகப் பள்ளிக்கூடத்துக்கே திரும்பிப் போகட்டும், மற்றதெல்லாம் ஒப்பேற்றுகிற வேலை என்று எழுதியிருந்தாய். அவளிடம் படித்துக் காட்டினேன், "அண்ணாவை வந்து அந்தப் பெஞ்சுல உக்காரச் சொல்லு, முட்டி இடிக்குதா இல்லையான்னு பாப்போம்" என்றாள். இரண்டு வயது சின்னவர்களோடு அவள் உட்கார மாட்டாள், அதை விட்டுவிடு. உனக்குப் பள்ளிக்கூடம் வாய்த்தது, அவளுக்கு வாய்க்கவில்லை, அதில் உன் சாமர்த்தியமும் இல்லை, அவள் குற்றமும் இல்லை. எனக்கும் சான்றிதழ் மேல் பெரிய பக்தி கிடையாது, இரண்டு பட்டம் வாங்கியவர்கள் என் ஆய்வுக்கூடத்தில் குடுவையைக் கழுவாமல் கவிழ்த்து வைத்துவிட்டுப் போகிறார்கள். பின் அறையிலேயே அவள் காலம் முழுக்க இருந்தாலும் அது கௌரவமான வேலைதான், அதையும் அவளிடம் சொன்னேன். அதனால் படிப்பு நல்லது என்று பொதுவாக ஒரு வார்த்தையும் நான் பேசவில்லை. இந்தக் காகிதத்தை யார் கேட்பார்கள், எதற்குக் கேட்பார்கள், கேட்கிற இடத்தில் உண்மையிலேயே ஏற்றுக்கொள்வார்களா, இந்த மூன்றை மட்டும் விசாரித்தேன். கண் பரிசோதனைப் படிப்பு நடத்துகிற நிறுவனத்துக்குக் கடிதம் எழுதி, ஏற்றுக்கொள்வோம் என்று கையெழுத்தோடு பதில் வாங்கினேன். தேர்வு அலுவலகத்துக்கும் நேரில் போனேன். அங்கே சாளரத்தில் இருந்த அம்மாளிடம், சேருகிறவர்களில் எத்தனை பேர் முடிக்கிறார்கள் என்று கேட்டதற்கு அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "ஃபீஸ் கேப்பாங்க, லீவு கேப்பாங்க, பாஸ் போட வழி இருக்கான்னுகூடக் கேப்பாங்க, இதை யாருமே கேட்டதில்லையேம்மா" என்றார். கேட்டால் தருவீர்களா என்றேன். பாவம், உள்ளே போய்ப் பழைய பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார், இருவரும் சேர்ந்து எண்ணினோம். நூற்றுக்கு நாற்பத்தாறு. வீட்டுக்கு வந்து அதை அப்படியே கொசுவிடம் சொன்னேன். அப்பா கரண்டியைக் கீழே வைத்தார். "பிள்ளைக்கு நம்பிக்கை குடும்மான்னு அனுப்பினா நீ புள்ளிவிவரம் வாங்கிட்டு வர்றியே" என்றார். கொசு மட்டும், "நாப்பத்தாறு பேர் முடிக்கிறாங்களா? நான் பத்துப் பேர்னு நினைச்சேன்" என்றாள். ஒரே எண்தான், பார்க்கிற இடத்தைப் பொறுத்து ஒருவருக்குக் குறைவு, ஒருவருக்கு நிறைவு.

அன்றைக்குத்தான் நாங்கள் ஓர் ஒப்பந்தம் போட்டோம். முடிவு அவளுடையது, விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் வரை பத்து நாள் இருக்கிறது, அதுவரை யாரும் இதைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது, தூண்டக் கூடாது, பெருமூச்சும் விடக் கூடாது. பெருமூச்சு என்பது அப்பாவுக்காகச் சேர்த்தது. பேருந்துப் பணிமனையில் நாள் முழுக்க எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று ஊருக்கே நேரம் குறித்துக் கொடுக்கிறவருக்குச் சொந்த வீட்டில் ஒரு வண்டி கிளம்புமா கிளம்பாதா என்று தெரியாமல் பத்து நாள் உட்காருவது பெரிய தண்டனை. போன ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தபோது அவர் இருபது நிமிடம் வானிலை மட்டும் பேசினாரே, அது இதனால்தான், உன் மேல் கோபம் இல்லை. நடுவில் ஒரு நாள் கொசுவே, "சேராமலேயே ஒரு நாள் வகுப்பைப் போய்ப் பாத்துட்டு வரலாமா?" என்று என்னிடம் கேட்டாள். ஒப்பந்தப்படி நான் பதில் சொல்லலாமா கூடாதா என்று எனக்கே சந்தேகம், விடுவார்கள் என்று மட்டும் சொன்னேன். போய்விட்டு வந்தவளின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். இவளுக்கு ஒரு பக்கம் கைக்குழந்தையோடு ஒரு பெண், மறு பக்கம் அப்பாவின் பணிமனைக் கண்டக்டர் ஒருவர், பின்னால் மீசை முளைக்காத இரண்டு பேர், முன் வரிசையில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் பின்னம் என்றால் என்ன என்று நான்காம் தடவை கேட்டுக்கொண்டிருந்தார், ஒருவரும் சிரிக்கவில்லையாம். "அங்க எல்லாருமே ஒரு தடவை எந்திரிச்சுப் போனவங்கம்மா" என்றாள். கண்டக்டரின் கண்ணாடி மூக்கில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருந்ததைப் பார்த்து, சட்டைப் பையில் எப்போதும் வைத்திருக்கும் குட்டித் திருப்புளியை எடுத்து முறுக்கிக் கொடுத்திருக்கிறாள். அவ்வளவுதான், இடைவேளையில் வரிசை நின்றுவிட்டது. ஐந்து கண்ணாடிக்குத் திருகு முடுக்கி, ஆசிரியருக்கு மூக்குத்தாங்கி நிமிர்த்தி, பின்னத்தில் இரண்டு கணக்கும் போட்டுவிட்டு வந்தாள். வந்து மூன்று பேர் சாப்பாட்டைத் தனியாகச் சாப்பிட்டாள். நானும் அப்பாவும் ஒப்பந்தத்தை மதித்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சுவரைப் பார்த்தபடி மகிழ்ந்தோம்.

இப்போது நேற்று நடந்ததற்கு வருகிறேன். மாலை ஆறு மணிக்கு வந்தாள், கையைக்கூடக் கழுவவில்லை, மேசை மேல் ஒரு ரசீதை வைத்தாள். "முடிவு பண்ணிட்டேன். மத்தியானமே போய் விண்ணப்பம் குடுத்துட்டேன்" என்றாள். பதினெட்டு ஆகாதவர்களுக்குப் பெற்றோரோ வேலை தருகிறவரோ கையெழுத்துப் போட்டால் போதும், கடைக்கார அம்மாள் போட்டுக் கொடுத்திருக்கிறார், எங்களிடம் கேட்டால் எங்கள் முகத்தைப் பார்த்து முடிவு மாறிவிடும் என்று கேட்கவில்லையாம். நான் அப்பா துள்ளிக் குதிப்பார் என்று பார்த்தேன். அவர் முகம் விழுந்துவிட்டது. மெல்ல எழுந்து போய்ப் பணிமனைப் பையைக் கொண்டுவந்து, அதற்குள் கைவிட்டு, அதே நிறத்தில் இன்னொரு ரசீதை, விண்ணப்பத்தின் நகலோடு எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். திங்கட்கிழமையே கொடுத்துவிட்டாராம். "நான் ஒண்ணும் வற்புறுத்தலையே, பஸ்ல துண்டு போட்டு வைக்கிற மாதிரி சும்மா ஒரு இடம் பிடிச்சு வெச்சேன், வேண்டாம்னா எடுத்துக்கலாம்னு" என்றார். கொசு அந்த நகலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல என் பிறந்த தேதிக்கு அண்ணா தேதியைப் போட்டிருக்கே, போட்டோவுல எனக்குப் பல்லே முளைக்கல" என்று கத்தினாள். ஏழு வயதுப் படத்தை ஒட்டியிருந்தார், அதில் அவள் அழகாக இருக்கிறாளாம். இருவரும் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது நான் எழுந்து என் அலமாரியைத் திறந்தேன். அந்த நேரத்தில் என் கால்கள் நடந்ததை நான் வேறு யாருடைய கால்களையோ போலத்தான் பார்த்தேன். என் கோப்பை எடுத்து, செவ்வாய்க்கிழமை பதிவுத் தபாலில் அனுப்பியதன் சீட்டை எடுத்து, மூன்றாவதாக வைத்தேன். என்னுடையதில் தேதி சரி, படம் சரி, இணைப்புகள் எண் போட்டு வரிசையாக இருந்தன. கொசு மூன்று காகிதங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அப்பா, "ஒப்பந்தம் போட்டதே நீதானேடி" என்றார்.

மூவரும் சிரித்து ஓய்ந்த பிறகுதான் விதிகள் எனக்கு நினைவுக்கு வந்தன. விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில், எறும்பு மாதிரி எழுத்தில் பதினாலாம் விதி, ஒருவர் பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட விண்ணப்பம் வந்தால் அனைத்தும் தள்ளுபடி செய்யப்படும், அடுத்த தேர்வுக்குத்தான் மீண்டும் விண்ணப்பிக்கலாம். அடுத்த தேர்வு ஒரு வருடம் கழித்து. அந்த விதியை நான் படிக்காமல் இல்லை. படித்து, அடிக்கோடும் போட்டிருந்தேன். எல்லாவற்றையும் இரண்டு முறை சோதிக்கிற எனக்கு, இந்த வீட்டில் இன்னொருவரும் சொன்ன சொல்லைத் தாண்டுவார் என்று மட்டும் தோன்றவில்லை, நான் தாண்டிவிட்டேன் என்பதும் தாண்டும்போது தோன்றவில்லை. அவளுக்காக எதையும் செய்யக் கூடாது என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்த இரண்டு பேர், ஆளுக்கொரு கையை அவிழ்த்துக்கொண்டு போய் அவள் தானாக எடுத்த முதல் முடிவையே கெடுத்திருக்கிறோம். வியாழக்கிழமைகளில் அந்த அலுவலகம் பொதுமக்களுக்குத் திறப்பதில்லை, அதனால் இன்று ஒன்றும் செய்ய முடியாது. நாளை வெள்ளி, கடைசி நாள். நான் அரை நாள் விடுப்பில் இருந்து உனக்கு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன், வேறு எதிலும் மனம் ஓடவில்லை.

கொசு அந்த விதியை இரண்டு தடவை படித்தாள். முதலில் மறுபடி சிரித்தாள், விக்கல் வருகிற வரைக்கும். பிறகு அவள் தோள் தளர்ந்ததை நான் பார்த்தேன், வருத்தத்தில் தளர்ந்த மாதிரி இல்லை, பாரத்தை யாரோ வாங்கிக்கொண்ட மாதிரி. நியாயம்தான். விண்ணப்பம் தள்ளுபடி ஆனால் அவள் அந்த ஹாலுக்குள் போக வேண்டியதில்லை, யாரும் அவளைக் குறை சொல்லவும் முடியாது, குற்றமெல்லாம் எங்கள் தலையில். அப்போதுதான் நான் முதலில் எழுதிய கேள்வியைக் கேட்டாள். அப்பா உடனே, "ஏன் எழுத மாட்டே, பேஷா எழுதுவே" என்றார். நான் தெரியாது என்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நீ ஒருத்திதாம்மா தெரியாதுங்கிறே. மத்தவங்க எல்லாம் எனக்குத் தெரியாதது அவங்களுக்குத் தெரிஞ்ச மாதிரிப் பேசுறாங்க" என்றாள். அது பாராட்டா குறையா என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை. வெள்ளிக்கிழமை அலுவலகத்துக்குப் போகலாமா என்று அப்பா கேட்டதற்கு, "அன்னிக்குக் காலைல சொல்றேன்" என்று கை கழுவப் போய்விட்டாள். இன்றும் வழக்கம் போல வேலைக்குப் போயிருக்கிறாள். நான் கேட்கவில்லை. இந்தத் தடவை நிஜமாகவே கேட்கவில்லை.

வேறு விசேஷம் இல்லை. உன் இருமலுக்கு மருத்துவரிடம் போ, அறை நண்பன் சொன்ன மருந்தைக் குடிக்காதே, அவன் கட்டடம் கட்டப் படித்தவன். ஈரத் தலையோடு வெளியே போகாதே, அந்த ஊர்க் குளிரில் இரண்டு காலுறை போட்டுக்கொள். தங்கைக்குத் தனியாக நான்கு வரி எழுது, அறிவுரை வேண்டாம், உன் அலுவலகத்தில் யார் யார் கண்ணாடி போடுகிறார்கள், எப்படிப் போடுகிறார்கள் என்று எழுது, அதைத்தான் ஆசையாகப் படிப்பாள். அப்பா உனக்குத் தன் ஆசிகளைச் சொல்லச் சொன்னார், அவருடையது நீளமானது, சுருக்கித் தருகிறேன், நீ எடுத்த காரியம் கைகூட வேண்டும், வயிறாரச் சாப்பிட வேண்டும், வாரம் ஒரு முறை பேச வேண்டும். என்னுடைய ஆசி அதைவிடச் சின்னது. உடம்பும் மனமும் நேராக இருக்கட்டும். உன் பழைய பள்ளிச் சான்றிதழ் எங்கே வைத்திருக்கிறாய் என்று பார்த்து எழுத மறந்துவிடாதே, இங்கே அலமாரியில் இல்லை.

என்றும் உன் நலம் நாடும்,
அம்மா

வெள்ளிக்கிழமை, மாலை. உறையை ஒட்டாமல் வைத்திருந்தேன், இன்று நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன். காலை எட்டு மணிக்குத் தலை வாரி, புதுச் சட்டை போட்டு, திருப்புளியைப் பையில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். "கிளம்பலாமா? ரெண்டு பேரும் வரலாம், ஆனா வாயைத் திறக்கக் கூடாது, தப்புப் பண்ணினவங்க பின்னாடி உக்காரணும்" என்றாள். உட்கார்ந்தோம். சாளரத்தில் அதே பதிவேட்டு அம்மாள், மூன்று விண்ணப்பங்களையும் தேடி எடுத்து வரிசையாகப் பரப்பி, பல் முளைக்காத படத்தைப் பார்த்து, "இது யாரு, உன் தங்கச்சியா?" என்று கேட்டார். விதிப்படி மூன்றையும் தள்ள வேண்டும் என்றார். ஆனால் விண்ணப்பதாரரே நேரில் வந்து, அங்கேயே உட்கார்ந்து, தன் கையால், எதை வைத்துக்கொள்ள வேண்டும், மற்றவை எப்படி வந்தன என்று எழுதிக் கொடுத்தால் மேலதிகாரி பார்ப்பார், பெற்றோர் எழுதக் கூடாது, வீட்டில் எழுதி எடுத்துக்கொண்டு வரவும் கூடாது என்று சொல்லி ஒரு வெள்ளைத் தாளை அவள் பக்கம் தள்ளினார். அந்த இடம் ஒரு நீளமான ஹால், வரிசையாக மேசைகள், சுவரில் பெரிய கடிகாரம், சுற்றிலும் குனிந்து எழுதிக்கொண்டிருக்கும் தலைகள். நான் எழுந்திருக்கப் பார்த்தேன், அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவள் தாளின் மேலே தன் பெயரை எழுதினாள். பேனா நின்றது. கடிகாரத்தைப் பார்த்துத்தான் சொல்கிறேன், நான்கு நிமிடம். பிறகு எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அப்பாவின் சட்டைப் பொத்தான் ஒன்று தள்ளிப் போட்டிருந்தது, நான் கோப்பை மார்போடு கட்டிக்கொண்டிருந்தேன், நாங்கள் எப்படித் தெரிந்தோமோ தெரியாது, அவள் தோள் குலுங்கிற்று, சிரித்துக்கொண்டே குனிந்து எழுத ஆரம்பித்தாள். பதினொரு நிமிடம் கழித்து எழுந்து நின்றாள். போகப் போகிறாள் என்று நினைத்தேன். சாளரத்துக்குப் போய், "இன்னொரு தாள் குடுங்க" என்றாள்.

மொத்தம் பதினெட்டு நிமிடம் எழுதினாள். மேலதிகாரி இரண்டு பக்கத்தையும் நின்றபடியே படித்தார், ஓரிடத்தில் எங்களை நிமிர்ந்து பார்த்தார், அவள் விண்ணப்பத்தில் முத்திரை குத்தி மற்ற இரண்டையும் கிழித்தார். என்ன எழுதினாள் என்று கேட்டதற்கு, உள்ளதை எழுதினேன் என்பதோடு நிறுத்திக்கொண்டாள். வரும் திங்கட்கிழமை முதல் அவள் வகுப்புக்குப் போகலாம். இது ஒரு முறைதான், ஒரு மாதிரியை வைத்து நான் எதையும் முடிவு செய்ய மாட்டேன், தேர்வு ஐந்து தாள். திரும்பி வருகிற பேருந்தில், எவ்வளவு நேரம் சும்மா இருந்தேன் என்று கேட்டாள், நான்கு நிமிடம் என்றேன். "அந்த நாலு நிமிஷம் ரொம்பப் பயமா இருந்துச்சும்மா" என்றாள். எனக்கும்தான் என்றேன். எனக்குப் பயம் என்று அவளிடம் சொன்னது இதுவே முதல் முறை. அவள் என் கண்ணாடியைக் கழற்றி, திருப்புளியால் ஒரு சுற்று முடுக்கி, திரும்ப மாட்டிவிட்டு, பின் அறையில் ஆறு ஜோடி அரைக்கக் கிடக்கிறது என்று கடை வாசலில் இறங்கிக்கொண்டாள்.